அஷ்டமியில் ஏறிய கடல்

உடுப்பி,
ஜூலை 24.

மதிப்புக்கும் எரிச்சலுக்கும் ஒருசேர உரிய செவரினுக்கு, பாகீரதி எழுதுவது.

நலம் விசாரிப்பதை முதலிலேயே முடித்துவிடுகிறேன். இடுப்பு எலும்பு கூடிவிட்டது, கைத்தடியோடு வீட்டுக்குள் நடக்கிறாய் என்று உன் மகள் லவினா சொன்னாள். நான் உன்னையே கூப்பிட்டால், "நல்லா இருக்கேன் மாராய்த்தி, நீ எப்படி இருக்கே, சரி வச்சிடறேன்" என்று, நம் ஊர்ப்பக்கத்து 'மாராய்த்தி' விளி மட்டும் மாறாமல், ஒரே மூச்சில் சொல்லி வைத்துவிடுகிறாய். முப்பத்தொரு ஆண்டுகள் கல்லூரியில் புவியியல் நடத்தியவளுக்கு இரண்டு நிமிடம் பேச மூச்சு போதாது என்பதை நான் நம்பவில்லை. கால்கரி நகரத்துக் குளிரின்மேல் பழி போடவும் வழியில்லை; அங்கே இப்போது கோடை. தொலைபேசியை வைத்துவிடலாம், கடிதத்தை அப்படிச் செய்ய முடியாது. பிரிக்காமல் போட்டாலும் மேசையில் கிடந்து உறுத்தும். அதற்காகத்தான் தபால் நிலையம் வரை குடைபிடித்துப் போகப்போகிறேன்.

இங்கே மழை. சுவரெல்லாம் பூஞ்சை. எங்கள் கட்டடத்தில் மின்தூக்கி நின்று பன்னிரண்டு நாளாகிறது. மூன்றாம் மாடிக்கு ஏறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, யார் வீட்டில் சேம்பிலை சுருட்டிய பத்ரொடெ வேகிறது என்று மோந்துகொண்டே வருகிறேன். இந்த மாதம் மூன்று துக்க வீடுகளுக்குப் போனேன். மூன்றிலும் ஒரே நாற்காலிகள், ஒரே வாடகைக் கடை. எழுபத்தாறு வயதில் இதுதான் ஊர்ச் செய்தி. அலுப்பாக இருக்கிறது, வேறொன்றுமில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நம் கதையாட்டத்தை நடத்தும் பாகவதர் ஹெப்பார் ஆட்டக் குழுவில் போட்ட அறிவிப்பை நீ திறந்தே பார்க்கவில்லை என்று என் கைபேசி காட்டுகிறது. எனவே அதை இங்கே படியெடுத்துத் தருகிறேன்: "தண்டேல் அக்கு வேடத்துக்கான ஆட்டம் தொடர்ந்து இரண்டு முறை வரவில்லை. வேடம் மேடைக்கு வராமல் சௌக்கியில், அதாவது ஒப்பனை அறையில், உட்கார்ந்திருக்கிறது. ஆகஸ்ட் ஐந்தாம் தேதிக்குள் மூன்றாவதும் வராவிட்டால் விதிப்படி வேடம் வேறொருவருக்குக் கொடுக்கப்படும்."

பதினைந்து நாளுக்கு ஓர் ஆட்டம், ஆட்டத்துக்கு ஒரு பக்கம். இது என்ன பெரிய சுமை? ஹெப்பார் குந்தாபுரத்தில் மருந்துக் கடை நடத்திக்கொண்டே ஐந்து பேருக்கும் பகடை உருட்டுகிறார். கண்ணாடி மேசையில், இருமல் மருந்துக்கும் கொசுவத்திக்கும் நடுவே உருட்டி, படம் பிடித்து அனுப்புகிறார். விழுந்த எண்ணுக்கு ஏற்றபடி நாம் கதையை எழுதவேண்டும். ஒன்று விழுந்தால் நினைத்தது கெடும், ஆறு விழுந்தால் கைகூடும். பல் மருத்துவம் படிக்கும் ரைஹானா பரீட்சைக்கு முந்தைய நாள்கூட எழுதி அனுப்பினாள். உனக்கு அங்கே என்ன பரீட்சை?

என்னை இதில் இழுத்துவிட்டவள் நீ என்பதையும் நினைவில் வை. நம் இளமையில் தாளமத்தளக் கூட்டங்களில் ஆண்கள் வேடம் கட்டாமல் உட்கார்ந்தபடியே கர்ணனாகவும் சல்லியனாகவும் விடிய விடிய வாதம் செய்வார்கள். நாம் பின்வரிசையில் கேட்டுக்கொண்டிருந்தோம். ஐந்து ஆண்டுகளுக்கு முன் நீ என் வீட்டுக்கு வந்து, "கேட்டது போதும் மாராய்த்தி, இனி நாம பேசலாம். எழுதிப் பேசறது. மேடையும் வேணாம், புடவை மடிப்பும் வேணாம்" என்றாய். குழுவில் சேரும்போது அவரவர் விருப்பங்களை எழுதச் சொன்னார்கள். நான் ஒழுங்காக, 'கதை எழுதுதல், விளையாட்டு, புதியன கற்றல்' என்று எழுதினேன். நீ அதை அப்படியே பார்த்து எழுதி, நாலாவதாக 'பாகீரதியைத் திருத்துதல்' என்று சேர்த்தாய். அதன்பிறகு ஆட்டத்தில் என் வேடமான நீதிபதி வாயைத் திறக்கும்போதெல்லாம், "இவர் பேசி முடிக்கிறதுக்குள்ள கோர்ட்டுக் கோடை விடுமுறையே முடிஞ்சிடும் போலிருக்கே" என்று குழுவில் எல்லாரும் பார்க்க எழுதுவாய்.

இப்போது யாரும் என்னைத் திருத்துவதில்லை. நீதிபதி பக்கம் பக்கமாகப் பேசிக்கொண்டிருக்கிறார். கடல் விட்டுப்போன அந்தப் பட்டணத்தில், மணலில் நிற்கும் கப்பல்களை விறகுக்கு உடைப்பதா வைத்திருப்பதா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. கடல் திரும்பி வரும் என்று பொய்ச் சாட்சி சொல்லக்கூடிய ஒரே ஆள் உன் தண்டேல் அக்கு. தண்ணீரில்லாத ஊரின் படகுத் தலைவி, வாயைத் திறந்தால் பொய். அவளை வேறு யாராவது எழுதினால் மூன்றாம் ஆட்டத்தில் திருந்திவிடுவாள். அந்தக் கண்றாவியை நான் பார்க்கவேண்டுமா?

உன் கண் அறுவைச் சிகிச்சையின்போது, உன் ஆட்டங்களைப் போட்டுவிட நீ கொடுத்த கடவுச்சொல் இன்னும் என்னிடம் இருக்கிறது. உனக்குத் தட்டச்சு கடினம் என்றால் சொல், தொலைபேசியில் நீ சொல்லச் சொல்ல நான் எழுதிப் போடுகிறேன். ஆகஸ்ட் ஐந்து. மறக்காதே.

பூஞ்சையோடும் மூட்டுவலியோடும்,
பாகீரதி.

•

உடுப்பி,
அக்டோபர் 21.

என்மேல் கோபம்கொள்ள முழு உரிமை பெற்றுவிட்ட செவரினுக்கு, பாகீரதி எழுதுவது.

ஆகஸ்ட் ஐந்து முதல் அக்டோபர் நான்கு வரை தண்டேல் அக்குவின் பெயரில் வந்த ஐந்து ஆட்டங்களையும் எழுதியவள் நான். நீ எழுதி மறந்தவை என்று அவற்றில் ஒரு வரிகூட இல்லை. நீ எழுதவே இல்லை.

இதை நேற்று முன்தினம் லவினாவிடம் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். அவள் உன்னிடம் சொன்னதும், நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "பாகீரதி என்னைத் தேத்தறதுக்குப் பொய் சொல்றா" என்றாயாம். அந்த வாக்கியத்தை இரண்டு நாளாக யோசித்துப் பார்க்கிறேன். செவரின், நாம் ஒருவரையொருவர் அறிந்து ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன. இதில் நான் உன்னை எப்போதாவது தேற்றியிருக்கிறேனா? உன் கணவர் அல்போன்ஸ் இறந்த அன்று நான் உன் வீட்டுக்கு வந்து செய்த ஒரே காரியம், மாதா கோயில் வாசலில் ஒட்டவிருந்த துக்க அறிவிப்பில் இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தியது. உன் கட்டுரையைப் பல்கலைக்கழகம் திருப்பி அனுப்பியபோது, அவர்கள் செய்தது சரி என்று சொன்னேன். தேற்றுவது எனக்குக் கைவராத தொழில். எழுபத்தாறு வயதில் அதை உன்னிடம் பழகிப்பார்க்க எனக்குத் தெம்பில்லை.

எனவே சாட்சியங்களோடு எழுதுகிறேன். உறை கனமாக இருப்பது அதனால்தான். தபாலை நம்பாமல் விரைவு அஞ்சல்காரர்களிடம் கொடுக்கிறேன். ஒரு வாரத்தில் வந்துவிடும் என்கிறார்கள். நவம்பர் ஒன்பதாம் தேதிக்கு முன் இது உன் கையில் இருக்கவேண்டும். அந்தத் தேதியை எனக்குச் சொன்னவள் லவினா. நினைவு தப்பியவர்களைப் பார்த்துக்கொள்ளும் அந்த இல்லத்தில் அன்று உன்னைச் சேர்ப்பதாக இருக்கிறார்கள், அதைக் கேட்டு வாங்கியதும் நீதான் என்றாள்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். ஆகஸ்ட் நான்காம் தேதி வரை உன்னிடமிருந்து பதில் இல்லை. ஐந்தாம் தேதி காலையில் ஹெப்பார் என்னைக் கூப்பிட்டு, "செவரின் லோபோ டீச்சர் எழுதலேன்னா வேடத்தை என்ன பண்றது, மாராயரே? காசர்கோட்டுல ஒருத்தர் கேட்டுட்டே இருக்கார். நல்லாப் பேசுவார்" என்றார். நான், "பொறுங்க, சாயந்தரத்துக்குள்ள வந்துடும்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்காதே. சொன்னபிறகு வரவைக்க வேண்டியதாயிற்று.

மாலை நான்கு மணிக்கு உன் கடவுச்சொல்லைப் போட்டு உள்ளே போனேன். அக்குவுக்குப் பகடையில் இரண்டு விழுந்திருந்தது. அரைப்பக்கம் எழுதினேன். அனுப்பினேன். பத்து நிமிடத்தில் நீ கூப்பிட்டுக் கத்துவாய் என்று கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், அந்தக் கத்தலுக்காகத்தான் எழுதினேன். 'யாருடி அது என் அக்குவைத் தொட்டது' என்று நீ ஓடிவந்து மீதியை எழுதுவாய் என்பது என் கணக்கு.

நீ கூப்பிடவில்லை. ஹெப்பார் கூப்பிட்டார். "லோபோ டீச்சருக்கு வயசு குறைஞ்சுட்டே போகுது போல. உங்க நீதிபதிதான் கொஞ்சம் நீளம்" என்றார்.

அடுத்த நான்கு ஆட்டங்களுக்கு இந்தச் சாக்கு செல்லாது. அவற்றை எழுதியது வேறு காரணத்துக்காக. அதையும் சொல்லாவிட்டால் இந்த ஒப்புதல் அரைகுறையாகிவிடும். எனக்குப் பிடித்திருந்தது. உன்னைப்போல் எழுத நான் கற்றுக்கொண்டேன், ஒரு பாடத்தைப்போல. உன் பழைய ஆட்டங்கள் நூற்றுக்குமேல் இருக்கின்றன. எல்லாவற்றையும் படித்து, குறிப்பெடுத்தேன். உன் வாக்கியம் ஏழு எட்டுச் சொற்களைத் தாண்டுவதில்லை. ஒருவர் அழுகிறார் என்று நீ எழுதியதே இல்லை. அவர் கையில் என்ன வைத்திருந்தார் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறாய். நான் விளக்கம் சொல்லத் தொடங்கும் இடத்தில் நீ நிறுத்திவிடுகிறாய். இத்தனை ஆண்டுகள் அதைச் சோம்பல் என்று நினைத்திருந்தேன். முயன்று பார்த்தபிறகுதான் அதற்கு எவ்வளவு வேலை தேவைப்படுகிறது என்று தெரிந்தது. அரசியல் அறிவியல் நடத்தியவள் ஒரு பொய்க்காரியாக எழுதிப் பாராட்டு வாங்கினேன். என் சொந்தப் பெயரில் ஐந்து ஆண்டுகளில் வாங்காத பாராட்டு. திருடிய புடவையைக் கட்டிக்கொண்டு கல்யாண வீட்டில் நடுவரிசையில் உட்கார்ந்தவளைப்போல் இருந்தேன், நன்றாகவும் இருந்தது.

நீ அங்கே அவற்றைப் படித்துக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. இதை நீ நம்பவேண்டும். செய்தியைத் திறந்தால் காட்டும் அடையாளம் உன் பெயருக்கு நேராக வரவே இல்லை. லவினா ஆட்டப் பக்கத்தை உன் பெயரில் நுழையாமல் தன் கணினியில் திறந்து, தாளில் அச்சடித்து உனக்குக் கொடுத்துவந்தாள் என்பது அவள் அக்டோபர் பன்னிரண்டாம் தேதி கூப்பிட்டபோதுதான் தெரிந்தது. பெருமையாகத்தான் பேச ஆரம்பித்தாள். "பாகி ஆண்ட்டி, மம்மி எவ்ளோ அழகா எழுதுறாங்க பாத்தீங்களா? ஆனா எழுதினதே ஞாபகமில்லேங்கறாங்க. எப்ப எழுதினேன், எப்ப எழுதினேன்னு அந்தத் தாளையே பாத்துட்டு உட்காந்திருக்காங்க" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அடுப்புக்கிட்டயே போறதில்ல ஆண்ட்டி. எழுதினது மறக்குதுன்னா பத்த வச்சதும் மறக்கும்தானேங்கறாங்க. டாக்டர் கடிகாரம் வரையச் சொன்னார், சரியாத்தான் வரைஞ்சாங்க. ஆனா எழுதினது ஞாபகமில்லேங்கறதைத்தான் அவர் முதல்ல குறிச்சுக்கிட்டார்" என்றாள்.

நான் அப்போதே சொல்லியிருக்கவேண்டும். வாயில் வார்த்தை இருந்தது. "அப்படியா, நல்லாப் பாத்துக்கோ" என்றேன். அதன்பின் ஒரு வாரம் எதுவும் சொல்லாமல் இருந்தேன். சோறு தின்றேன், துணி மடித்தேன், மின்தூக்கி சரியானதற்காக மேலும் கீழும் போய்வந்தேன். அந்த ஏழு நாளுக்கு என்னிடம் எந்த நியாயமும் இல்லை. ஐந்து ஆட்டங்களை மன்னித்தாலும் இந்த ஒரு வாரத்தை நீ மன்னிக்க வேண்டியதில்லை.

முதலில் குழுவில்தான் சொன்னேன், பத்தொன்பதாம் தேதி காலையில். உன்னிடம் சொல்வதைவிட அது சுலபம் என்று நினைத்தேன். சுலபமாக இல்லை. ஹெப்பார் கடையிலிருந்தே கூப்பிட்டார். நான், தாளமத்தளத்தில் ஆள் வராவிட்டால் பக்கத்தில் இருப்பவர் அந்த வேடத்தை எடுத்துப் பேசுவது நம் வழக்கம்தானே என்று வாதாடப் பார்த்தேன். வக்கீல் புத்தி. அவர், "ஆள் மாறலாம் டீச்சர். யார் வேணா உட்காரலாம். ஆனா இன்னைக்குச் சல்லியன் இவர்தான்னு பாகவதர் சபைக்குச் சொல்லிட்டுத்தானே தாளத்தைக் கையில எடுப்பார்? அது ஒண்ணுதானே வழக்கம்? அதையே விட்டுட்டீங்களே" என்றார். குரலை உயர்த்தவில்லை. கடையில் யாரோ காய்ச்சல் மாத்திரை கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டே என்னைத் திட்டி முடித்தார்.

தீர்ப்பு: என் நீதிபதி மூன்று ஆட்டங்களுக்குச் சௌக்கியில் உட்காரவேண்டும். ரைஹானா, "மூணு போதாது சார், அவர் பேச்சுக்கு ஆறு குடுங்க" என்று எழுதினாள்; எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்ததாகக் காட்டிக்கொண்டேன். பிறகு அவளே எனக்குத் தனியாக எழுதினாள்: "மூணாவது ஆட்டம் வந்தப்பவே எனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு ஆண்ட்டி. செவரின் ஆண்ட்டிகிட்ட கேட்டா மனசு கஷ்டப்படுவாங்களோன்னு விட்டுட்டேன். கேட்டிருக்கணும்." பார், இரக்கப்பட்டு வாயை மூடிக்கொண்டவர்கள் இந்தக் கதையில் எத்தனை பேர் என்று.

அந்த மூன்றாவது ஆட்டத்துக்கு வருகிறேன். உன்னை உடைத்தது அதுதான் என்று லவினா சொன்னபிறகு, நான் அதை எடுத்து மறுபடி படித்தேன். அக்கு மணலில் காதை வைத்துக் கேட்கிறாள். கடல் ஏறி வருகிறது. பெரிய ஏற்றம், கப்பலைத் தூக்கும் ஏற்றம். 'அஷ்டமி' என்று எழுதியிருக்கிறேன்.

அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் வரவேண்டிய ஏற்றத்தை நான் அஷ்டமியில் வரவழைத்தேன். கடல் மிகவும் சோம்பிக் கிடக்கும் நாளில். மல்பெ துறைமுகத்தில் வலை உலர்த்தும் பெண்களுக்குத் தெரியும், உன்னிடம் படித்த ஆயிரம் பெண்களுக்குத் தெரியும். நீ வகுப்பில் ஒரு எலுமிச்சம்பழத்தையும் இரண்டு கோலிக்குண்டையும் வைத்துக்கொண்டு அதைச் சொல்லிக்கொடுப்பாய். அடுத்த வகுப்பிலிருந்த எனக்குச் சுவர் வழியாகக் கேட்கும். கேட்டதே தவிர, காதில் ஏறவில்லை. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நீ லவினாவிடம், "இதையே தப்பா எழுதிட்டேன்னா, அப்புறம் எனக்குள்ள நான்னு என்ன மிச்சம் இருக்கு?" என்று கேட்டாயாம். அதன்பிறகுதான் மருத்துவரிடம் போகவேண்டும் என்று நீயே சொன்னாயாம்.

செவரின், அந்தப் பிழை என்னுடையது. எப்படி நேர்ந்தது என்பதையும் நிரூபிக்க முடியும். உறைக்குள் பதினெட்டுத் தாள்கள் இருக்கின்றன. நான் தினக்காட்டியில் கிழித்த தாள்களை எறியமாட்டேன், பின்புறத்தில் எழுதுவேன் என்பது உனக்குத் தெரியும். அதற்காக என்னைக் கஞ்சப் பிசினாறி என்று ஆசிரியர் அறையில் பட்டம் வைத்தவளே நீதான். ஐந்து ஆட்டங்களின் வரைவுகளும் அந்தத் தாள்களில் இருக்கின்றன. அடித்தல் திருத்தலோடு, என் கையெழுத்தில், பச்சை மையில். மூலைகளில் எண் போட்டிருக்கிறேன். ஒன்பதாம் தாளைத் திருப்பிப் பார். செப்டம்பர் நான்கு, கிருஷ்ணாஷ்டமி என்று சிவப்பில் பெரிதாக அச்சிட்டிருக்கும். அன்று தேர்வீதிப் பக்கம் கூட்டம், மேளம், கூச்சல். நான் கதவைச் சாத்திக்கொண்டு உன்னைப்போல் எழுதிக்கொண்டிருந்தேன். கடல் வர ஒரு திதி வேண்டியிருந்தது. தாளைத் திருப்பினேன், கண்ணில் பட்டதை எழுதினேன். இவ்வளவுதான். உன் மூளையில் எந்த இடமும் இடிந்து விழவில்லை. என் சோம்பேறித்தனம் உன் பெயரைப் போட்டுக்கொண்டு வந்தது.

இந்தத் தாள்களை லவினா மருத்துவரிடம் கொண்டுபோகட்டும். கன்னடம் படிக்கத் தெரியாவிட்டாலும் தேதி தெரியும், கையெழுத்து வேறு என்பது தெரியும். அவருக்குத் தனியாக ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதி, கையெழுத்திட்டு வைத்திருக்கிறேன். அதில் என்னைப் பற்றிக் கொஞ்சமும் நல்லவிதமாக எழுதவில்லை.

இதற்குமேல் நான் சொல்வதற்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை, ஆனாலும் சொல்கிறேன். உனக்கு மறதியே இல்லை என்று நான் எழுதமாட்டேன். எனக்குத் தெரியாது. மே மாதம் நீ கிளம்பும் முன் என்னிடம் கொடுத்துவிட்ட உன் வீட்டுச் சாவியை இரண்டு முறை கேட்டாய். நானும் போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் பெயரைத் தேடிக்கொண்டு படியிலேயே நின்றேன். நீ ஜூலையிலிருந்து ஏன் எழுதவில்லை என்பதும் எனக்கு இன்னும் தெரியாது. வலியா, அலுப்பா, வேறேதாவதா, நீ சொல்லவில்லை, நானும் கேட்காமல் தேதியை நினைவூட்டிக்கொண்டிருந்தேன். மருத்துவர் எதைக் கண்டாலும் அது உன்னுடையதாக இருக்கட்டும். நான் கொண்டுவந்து போட்டதை மட்டும் எடுத்து வெளியே வைத்துவிட்டு மறுபடி பார்க்கச் சொல். அதன்பிறகும் அந்த இல்லத்துக்குப் போகவேண்டும் என்று நீ முடிவெடுத்தால், எழுதுகிறேன், அந்த முகவரிக்கு எழுதுகிறேன். ஆனால் என் பிழையைச் சுமந்துகொண்டு நீ அந்த வாசற்படி ஏறக்கூடாது.

ஆட்டம் நின்றிருக்கிறது. ஐந்து பக்கங்களையும் அழித்துவிடலாமா என்று கேட்டேன். ஹெப்பார், "நடந்த ஆட்டத்தை அழிக்கிற அதிகாரம் பாகவதருக்கு இல்ல. அக்கு வந்து சொல்லட்டும், அது நடந்துச்சா, இல்ல அவ விட்ட புளுகான்னு" என்றார். நீ வேண்டுமென்றால் எல்லாவற்றையும் அக்குவின் பொய்யாக ஆக்கிவிடலாம். ஒரே வரியில் கடலைத் திரும்பவும் விரட்டிவிடலாம். யாருக்கும் வேடத்தைக் கொடுக்கவில்லை. காசர்கோட்டுக்காரரிடம் இடமில்லை என்று சொல்லியாயிற்று. தேதி எதுவும் குறிக்கவில்லை. உன் கடவுச்சொல்லை நான் கிழித்துப் போட்டுவிட்டேன், லவினாவிடம் புதிதாக ஒன்று வைக்கச் சொல். எனக்குச் சொல்லாதே.

எழுத முடியாவிட்டாலும் போகிறது. அடுப்பருகில் போய், நீயே பற்றவைத்து, ஒரு குவளை தேநீர் போட்டுக் குடி. லவினா பக்கத்தில் நிற்கட்டும், கை வைக்கவேண்டாம்.

உனக்கு ஆசி சொல்லும் அளவுக்கு எனக்கு வயது மூப்பு கிடையாது. நான்கு மாதம்தான் மூத்தவள். அந்த நான்கு மாதத்தை வைத்துக்கொண்டு சொல்கிறேன். உனக்கு நன்றாகக் கோபம் வரட்டும். நாள், கிழமை, நான் சொன்ன சொல், சொல்லாமல் விட்ட சொல் எல்லாம் ஒன்றுவிடாமல் நினைவிருக்கிற கோபமாக வரட்டும். எந்நேரமானாலும் கூப்பிட்டுத் திட்டு. நான் வைத்துவிடமாட்டேன்.

உன் திட்டுக்குக் காத்திருக்கும்,
பாகீரதி.